திருவேட்டக்குடிக் கரையில் சொல்லாத சொல்

படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன் நான். பெயர் சிலுவைராஜ், காரைக்கால் டவுன்காரன். என் வாயில் நாளெல்லாம் வரும் சொல் ‘டெட்’. எஞ்சின் காயில் டெட், பேட்டரி டெட், மதியத்துக்குமேல் நானும் டெட். ஆனால் திருவேட்டக்குடிக் கரையில் மட்டும் இந்த வாய்க்குப் பூட்டு. கடலுக்குப் போனவர்கள் திரும்பும்வரை சாவைச் சொல்லும் எந்தச் சொல்லையும் அங்கே பெண்கள் பேச விடமாட்டார்கள். விளக்கைக்கூட அணைப்பதில்லை, குளிர வைப்பார்கள். இங்கிலீஷ்தானே என்று ஒருமுறை சமாளித்துப் பார்த்தேன். அந்தப் பெண்களில் ஒருத்தி, தாமரைச்செல்வி, முறைத்த முறைப்பில் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டேன்.

அவள் கணவன் கார்முகிலும் அவள் தம்பி பாலகுருவும் போன ஃபைபர் படகு இந்த வாரம் சொன்ன நாளில் திரும்பவில்லை. எஞ்சின் நின்றுவிட்டதென்று வாக்கிடாக்கியில் ஒரு குரல் வந்ததாம், பிறகு ஒன்றுமில்லை. தேடப்போன படகுகள் வெறுமனே வந்தன. மூன்றாம் நாள் காலையில் நானும் கரையில் நின்றேன். ஊர்ப் பெரியவர்கள் தங்களுக்குள் கிசுகிசுக்க ஆரம்பித்திருந்தார்கள். யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. முகத்தில் எல்லாருக்கும் அதுதான் இருந்தது. தாமரைச்செல்வி மட்டும் அவர்கள் இருவருக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

கொண்டல் காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. தாமரைச்செல்வி சட்டென்று எழுந்தாள்.

“அண்ணே, அது என் பொடவை.”

எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. வெகுநேரம் கழித்துத்தான் கடுகளவு மஞ்சள் கண்ணில் பட்டது. படகில் விரித்துப் படுக்க அவள் கொடுத்தனுப்பிய பழைய நூல் புடவை. அதை இரண்டு துடுப்பில் கட்டிப் பாய்மரப் பாயாக்கிக்கொண்டு வந்தார்கள். வாழ்நாளெல்லாம் குதிரைசக்திக் கணக்கு பேசியவன் நான். துவைத்துத் துவைத்து நைந்த ஒரு துணி, அவ்வளவு பெரிய கடலிலிருந்து இரண்டு உயிரை இழுத்து வந்ததைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

படகு மணலைத் தட்டியது. உதடெல்லாம் வெடித்த கார்முகில் என்னைப் பார்த்தான்.

“எஞ்சினு டெட்டு, போனு டெட்டு, பேட்டரியும் டெட்டுண்ணே. நாங்க ரெண்டு பேருதான் பாக்கி.”

கரையில் நின்றவர்கள் தாமரைச்செல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முறைக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கிப்போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க,” என்றாள். “இன்னொரு தடவ சொல்லுங்க.”