சுருட்டை ஹெக்டரின் மாத்திரை

கேப் பிரெட்டன் தீவின் அந்தக் கத்தோலிக்கப் பங்கில் கல்லெறிந்தால் அது ஏதாவது ஒரு மெக்னீல் மேல்தான் விழும். ஹெக்டர் மெக்னீல் என்ற பெயரிலேயே மூன்று பேர் இருந்தார்கள். ஆகவே அங்கே ஆளை அடையாளம் காட்டுவது பட்டப்பெயர்தான். பெர்னதெத்தின் கணவர் சுருட்டை ஹெக்டர். முடியால் வந்த பெயர்; அவருடைய தாத்தா சுருட்டை நீல். இறந்தவர்களுக்கான பூசையில் குருவானவர்கூட "சுருட்டை நீலின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்றே வாசிப்பார். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஹெக்டரின் அண்ணன் லியோவுக்கு நாற்பது வயதில் முடி கொட்டியது. ஊர் அவரை மொட்டைச் சுருட்டை என்று கூப்பிட ஆரம்பித்தது. லியோவும் கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய் வயல் வேலைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. சம்பளத்துக்காகப் போனார் என்பது ஊரின் எண்ணம். ஹெக்டர் மட்டும் அதை நம்பவில்லை.

ஐம்பதைத் தாண்டியபோது ஹெக்டருக்கும் உச்சந்தலை தெரியத் தொடங்கியது. குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர் அவர். தலையில் எப்போதும் கம்பளித் தொப்பி இருக்கும். கோவிலில் மட்டும் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். தங்கள் குடும்பம் வழக்கமாக உட்காரும் முன்வரிசையை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து உட்காரத் தொடங்கினார். கேட்டால், "அங்கதான் ஹீட்டர் நல்லா வேலை செய்யுது" என்றார். பெர்னதெத் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஊர் மருத்துவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. குடும்ப மருத்துவருக்காகப் பெயர் எழுதிவைத்துக் காத்திருப்பவர்களில் அவர்களும் உண்டு. முடிக்கு மட்டும் மருத்துவர் உடனே கிடைத்தார், அதுவும் கைபேசியில். வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் கோவில் வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து, குனிந்து கேமராவுக்கு உச்சந்தலையைக் காட்டினார் ஹெக்டர். அந்த மருத்துவர் பொறுமைசாலி. எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "யார் ரத்தம் எடுத்தாலும் இந்த மாத்திரை சாப்பிடறதைச் சொல்லிடுங்க" என்றும் சொல்லியிருந்தார். இதெல்லாம் பெர்னதெத்துக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

மாத்திரை விஷயம் மட்டும் அவளுக்கு முன்பே தெரியும். ஒருநாள் துவைக்க எடுத்த அவருடைய மேலங்கியின் பையில் சின்ன டப்பா கிடைத்தது. மேலே இருந்ததைப் படித்தாள். மேலங்கியைத் துவைக்காமல் எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டாள். ஒரு மனிதனுக்கு இவ்வளவு சின்ன ஆசையை வைத்துக்கொள்ள ஒரு பை இருக்கட்டும் என்று நினைத்தாள். கொஞ்ச காலத்தில் ஹெக்டர் பழைய முன்வரிசைக்கே திரும்பி வந்தார். அன்று நற்கருணை வாங்கிவிட்டு வந்து மண்டியிட்டபோது அவள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

மருத்துவர் இல்லாத குறையைக் கொஞ்சம் தீர்க்க, ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோவில் அடித்தளக் கூடத்தில் ஆண்களுக்கு ரத்தப் பரிசோதனை வைத்தார்கள். புராஸ்டேட் புற்றுநோயை முன்னமே காட்டும் பரிசோதனை. நடத்தியவள் நர்ஸ் தெரசா. அவளுடைய கொள்ளுத்தாத்தா குதிரையில் தபால் கொண்டுபோனவர். அதனால் அந்த வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் 'தபால்' என்று பெயர். தெரசாவின் வாய்க்கு அது ரொம்பப் பொருத்தம் என்று ஊர் சொல்லும். ஹெக்டருடன் ஒரே வகுப்பில் படித்தவள்.

"என்ன சுருட்டை, ஏதாவது மாத்திரை மருந்து சாப்பிடறியா?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"டீயும் உன் தொணதொணப்பும்தான் தெரசா. ரெண்டையும் விட முடியல."

கூடமே சிரித்தது. பக்கத்தில் பெர்னதெத் கெட்டிலுடன் நின்றிருந்தாள். ஹெக்டரின் காது மடல் சிவந்ததைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தபாலில் போட்ட மாதிரிதான்; மதியச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, நீட்டப்பட்ட கோப்பைகளில் டீ ஊற்றினாள்.

பரிசோதனை முடிவு வந்ததும் தெரசா போனில் கூப்பிட்டாள். "கல்லு மாதிரி இருக்கேடா. இன்னும் முப்பது வருஷம் பனி தள்ளு, போ."

சில வருடம் கழித்து முதுகு வலித்தபோது ஹெக்டர் வண்டி இருக்கையைக் குறை சொன்னார். பிறகு மெத்தையை. அந்தத் தீவிலேயே இருக்கும் சிட்னி நகர ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரைக்கும் போயிருந்தது. பழைய முடிவைப் பார்த்த சிறப்பு மருத்துவர், என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். இந்தமுறை ஹெக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

மருத்துவர் பழைய முடிவுத் தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். "அந்த மாத்திரை இந்தப் பரிசோதனையில வர்ற எண்ணைப் பாதியாக் காட்டும். தெரிஞ்சிருந்தா ரெண்டு மடங்காக்கிப் பார்த்திருப்பாங்க. பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

திரும்பி வரும் வழியில் ஹெக்டர் சொன்னார்: "உன்கிட்டகூட மறைச்சிட்டேன் பெர்னி. ஊருக்குத் தெரிய வேண்டாம். முடிக்காக உயிரை விட்டான்னு என் பெட்டி பக்கத்துல நின்னு சிரிப்பாங்க."

அவள் அன்றுதான் எல்லாவற்றையும் முதன்முதலாகக் கேட்டவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழி வேறொருத்தி தலையில் விழுந்தது. யாரும் தூக்கிப் போடவில்லை. அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஹெக்டரின் நோயைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து தெரசா பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் வாய்மூடி நிற்பதைப் பார்க்க ஊருக்கே பயமாக இருந்தது. கூட்டுறவுக் கடையில் பெர்னதெத் கல்லாவில் இருந்தபோது தெரசா வந்தாள். சாமான் எதுவும் எடுக்கவில்லை.

"ரத்தம் எடுத்தப்ப ரெண்டு பேரோட குழாயை நான் மாத்தி வச்சிட்டேனோ பெர்னி? கண்ணை மூடினா அந்த மேசைதான் வருது. வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். யார் ரத்தம் எடுத்தாலும் குழாய்ல இருக்கற பேரைப் பத்து தடவை படிக்கிறேன்."

பெர்னதெத்துக்கு உண்மை நாக்கு நுனியில் வந்து நின்றது. அது அவருடைய ரகசியம். விழுங்கிவிட்டு, அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அன்று மாலை தெரசா படும் பாட்டை ஹெக்டரிடம் சொன்னாள். அவர் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் போன பிறகு சொல்லிக்க."

"அதுவரைக்கும் அவ தாங்குவாளா? பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கா."

"என்னை விட்டுடு பெர்னி."

அவள் வற்புறுத்தவில்லை. சாகிறவரின் கையிலிருந்து எதையாவது பிடுங்குவது பாவம் என்று தோன்றியது. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவக்காலம் முழுக்க ஜெபமாலையை உருட்டும்போதெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்: அவரே சொல்லட்டும், ஆண்டவரே, வாய் இருக்கும்போதே.

குருத்து ஞாயிறுக்கு முன்னால் தெரசாவே வந்தாள். கையில் மீன் சூப் பாத்திரம். அடுப்பில் வைத்துவிட்டு நேராகப் படுக்கையறைக்குப் போனாள். சிகிச்சையில் ஹெக்டரின் தலையில் ஒரு முடிகூட மிஞ்சவில்லை. அவள் கட்டிலருகே மண்டியிட்டுவிட்டாள்.

"மன்னிச்சுடு ஹெக்டர். எங்க தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியல. பண்ணிட்டேன்."

பெர்னதெத் கதவருகே நின்றிருந்தாள். ஹெக்டர் தெரசாவின் நரைத்த தலையைப் பார்த்தார். ஒரு கையால் போர்வையைக் கசக்கினார்.

"எந்திரி தெரசா. மண்டி போட உனக்கும் வயசாச்சு."

"முதல்ல மன்னிச்சேன்னு சொல்லு."

"மன்னிக்க ஒண்ணுமில்ல. மாத்திரை சாப்பிடறியான்னு கேட்டேல்ல? சாப்பிட்டேன். முடி கொட்டாம இருக்க. அது ரத்தப் பரிசோதனையில வர்ற எண்ணைப் பாதியாக் காட்டுமாம். சொல்லுன்னு அந்த டாக்டர் சொல்லித்தான் கொடுத்தார். நான் உன்கிட்ட ஜோக் அடிச்சேன்."

தெரசா மெதுவாக எழுந்தாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது.

"முடிக்காகவா? அட மடையா! மூணாம் கிளாஸ்ல உன் தலையில பேன் பார்த்தவ நான். என்கிட்ட வெக்கமா உனக்கு?" கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் போட்ட முதல் சத்தம் அது.

"திட்டு, திட்டு" என்றார் ஹெக்டர். "நீ திட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும். போய் எல்லார்கிட்டயும் சொல்லு. யாரும் கேக்காத சேதியெல்லாம் இத்தனை வருஷம் கொண்டுபோனியே, இதை நானே கேட்டு அனுப்பறேன். வேற எவனாவது என்னை மாதிரி பையில ஒளிச்சு வச்சிருப்பான். பாவம், பெர்னிக்கே ஆஸ்பத்திரியிலதான் தெரியும்."

பெர்னதெத் அப்படியே விட்டிருக்கலாம். அவள் பேரில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் உண்மை அறைக்குள் வந்து உட்கார்ந்த பிறகு, அதன் எதிரில் தான் மட்டும் முகமூடியோடு நிற்க அவளால் முடியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "முதல் டப்பாவிலிருந்தே தெரியும்."

தெரசா கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள். பிறகு ஹெக்டரின் கால் மீது போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சாத்திய கதவைப் பார்த்தபடி ஹெக்டர் கேட்டார்: "கூடத்துலயும் தெரியுமா?"

"தெரியும்."

"டீ ஊத்திக்கிட்டு நின்னியே."

"ஆமா. அந்த மாத்திரை என்ன செய்யும்னு தெரியாது ஹெக்டர். உனக்கு வெக்கமா இருக்குமேன்னு மட்டும்தான் தெரிஞ்சுது."

அவர் கண்களை மூடிக்கொண்டார். ஓரத்தில் ஈரம் இறங்கியது. அன்பு வாயைத் திறக்க வேண்டிய ஒரு நிமிடத்தில் மூடிக்கொண்டதே என்று பெர்னதெத் தன்னையே வெறுத்தாள். போர்வைக்கு அடியிலிருந்து ஹெக்டரின் கை வெளியே வந்து அவள் கையைத் தேடிப் பிடித்தது.

"பெர்னி."

"ம்."

"அந்த வருஷம் முன்வரிசையில உக்காந்தேனே. முடி நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு" என்றாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு."

அது உண்மைதான். அவர் தலையசைத்தார். அவள் கட்டிலில் ஏறி, அவருக்கு வலிக்காத பக்கமாகப் படுத்துக்கொண்டாள்.