அடிக்கடி முழுங்கினாளா?

நர்ஸ் நீட்டிய பிளாஸ்டிக் பையை அவள் வாங்கி, மகளின் கவுனை வெளியே எடுத்து, மடியில் வைத்து மடித்தாள். ரத்தம் காய்ந்து துணி மொடமொடவென்றிருந்தது. மடித்ததை மறுபடி பைக்குள் வைத்தாள். அழுகை வரவில்லை. வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்றுதான் யோசித்தாள்.

பக்கத்தில் கணவர். ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பாதி வழியில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு டிரைவர் சட்டையோடு ஓடி வந்திருந்தார். டான்சில் ஆபரேஷன் முடிந்த அன்று, "ஒரு வாரத்துக்கு நம்ம ரேடியோ ரிப்பேர்" என்று மகளைச் சீண்டியவர். ஆறு வயதுக்கு அவ்வளவு வாய் அவளுக்கு. இன்று ஏழாம் நாள். மத்தியானம் குபுக்கென்று ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப அபூர்வம்தாங்க. ஆனா நடக்கும். புண்ணு மேல இருக்கற பொருக்கு உதிர்ற நேரம், உள்ள ரத்தம் கசியும். சின்னக் குழந்தைங்க துப்பத் தெரியாம முழுங்கிடும். காலையில அடிக்கடி முழுங்கினாளா?"

"இல்ல டாக்டர்," என்றார் கணவர் உடனே. "அப்படி இருந்தா இவ கண்ணுல பட்டிருக்கும். பாலர் பள்ளி டீச்சர். முப்பது பிள்ளைங்களைப் பாத்துக்கறவ."

அவள் பையின் வாயை முடிச்சுப் போட்டாள். இப்போது பேசாமல் இருந்துவிட்டால் போதும். டாக்டர் எழுதிக்கொண்டு எழுந்துவிடுவார். கணவர் கடைசிவரைக்கும் அவளை நம்புவார். அவளுக்குப் பயமாக இருந்தது.

"முழுங்கினா," என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"ஆறு நாளா வலிக்குதுன்னு தண்ணியே சரியா குடிக்கல. ஒரு தடவை முழுங்கினா ஒரு ஸ்டார்னு சொல்லி வெச்சிருந்தேன். ஸ்கூல்ல பிள்ளைங்க கையில ஒட்டுவேனே, அது. இன்னிக்குக் காலையில நான் சொல்லாமலே முழுங்கினா. முழுங்கிட்டு முழுங்கிட்டுக் கையை நீட்டினா. ஒட்டிக்கிட்டே இருந்தேன். கெட்டிக்காரின்னு கைதட்டினேன்."

டாக்டர் பேனாவை மூடினார்.

கணவர் தரையைப் பார்த்தபடியே கேட்டார். "எத்தனை ஸ்டார்?"

"ஸ்டிக்கர் அட்டை தீந்துபோச்சு. மிச்சத்தைப் பேனாவுல வரைஞ்சேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. மகள் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கி, அந்தச் சின்னக் கையைப் புரட்டிப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஸ்டார் இருந்தது.