நூலில் கட்டிய லைட்டர்

பதினோரு நாளாக அதெல்மோ என் வண்டிப் பக்கம் வரவில்லை. எதிர்க் கட்டடத்து நோட்டரி அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர். ஐம்பத்தெட்டு வயது, மனைவி இல்லை. ஆறு வருடமாக நாளைக்கு ஐந்து முறை இறங்கி வந்து, என்னிடம் ஒற்றைச் சிகரெட்டும் கடுங்காப்பியும் வாங்குவார். வண்டி என்று நான் சொல்வது ஒரு பழைய குழந்தைத் தள்ளுவண்டி. குழந்தை உட்கார வேண்டிய இடத்தில் மூன்று பிளாஸ்க். யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடாமலிருக்க லைட்டரைக் கைப்பிடியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நூலைக் குட்டையாகக் கட்டியது வேண்டுமென்றேதான். பற்றவைக்க வேண்டுமென்றால், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் என் தோள்வரை குனிந்தாக வேண்டும். மற்றவர்கள் இடுப்பு வலிக்கிறதென்று திட்டுவார்கள். அதெல்மோ திட்டியதே இல்லை. ஒரு சிகரெட்டுக்கு ஆறு நிமிடம். ஐந்து வேளைக்கு அரை மணி நேரம். பொகோட்டாவில் எத்தனையோ கல்யாணங்களில் அவ்வளவு பேச்சு நடப்பதில்லை.

கெடுத்துக்கொண்டது நான்தான். போன மாதம் அவர் இருமிய இருமலில் கையிலிருந்த காப்பி பாதி சிந்திவிட்டது. "இந்தக் கருமத்த விட்டுத் தொலைங்க சார், உங்களுக்கு நெருப்பு குடுத்த பாவம் எனக்கு வேணாம்" என்று பெரிய நல்லவள் மாதிரி சொல்லிவிட்டேன். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆண்பிள்ளையை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். மனிதர் போய் ஒரு மின்சிகரெட் வாங்கிவிட்டார். அதற்கு நெருப்பு வேண்டாம், தெரு வேண்டாம், நான் வேண்டாம்.

"அடியே, மேல பாரு," என்றாள் பக்கத்தில் எம்பனாதா பொரிக்கிற மிரேயா. "உன் ஆளு ஜன்னல்ல நின்னு மாம்பழ வாசனையில பொகை விடறாரு. உன்னைவிட அவ இளசுடி."

"இளசுதான். காப்பி போடத் தெரியுமாமா அவளுக்கு?"

சொல்லிவிட்டேனே தவிர, அண்ணாந்து பார்க்காமலிருக்க முடியவில்லை. விரல் நீளம், ஊதா நிறம், சிக்கென்று இருந்தாள். அவர் உதட்டில் வைப்பதும் எடுப்பதும் மறுபடி வைப்பதுமாக இருந்தார். எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன், ஒரு வக்கீலின் ஷூவில் காப்பியை ஊற்றிவிட்டதால்.

பன்னிரண்டாம் நாள் மதியம், தூறலில், அவரே வந்தார். முகம் வெளுத்திருந்தது. கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"நூபியா, ஒரு சிகரெட் குடுங்க."

"ஏன், உங்க மகாராணி எங்க?"

"சார்ஜ் தீந்துபோச்சு. காலையிலேருந்து ஆபீஸ்ல கரண்ட் இல்ல." வெட்கத்தோடு சிரித்தார். "முன்னாடியாச்சும் அஞ்சோட நின்னுது. ஒண்ணு எரிஞ்சு முடிஞ்சா முடிஞ்சுது. இது முடியறதே இல்லைங்க. தலகாணிக்கு அடியில வச்சிக்கிட்டுத் தூங்கறேன். நடுவுல முழிப்பு வந்தா கை தானா போகுது."

தலகாணிக்கு அடியில். ஆறு வருடத்தில் நான் எட்டிக்கூடப் பார்க்காத இடம்.

சிகரெட் பெட்டியைத் திறந்தேன். ஒன்றே ஒன்று கொடுத்தால் போதும். நாளையிலிருந்து ஐந்து வேளையும் திரும்பி வந்துவிடும். பழக்கதோஷத்தில் அவர் லைட்டரைப் பிடித்துக் குனியத் தொடங்கிவிட்டார். என் காதருகே அவர் மூச்சு கேட்டது. அந்தக் கரகரப்பு பாதி குறைந்திருந்தது. சனியன், குறைந்துதான் இருந்தது.

பெட்டியை மூடினேன்.

"சிகரெட் இல்ல."

"பெட்டி நிறைய இருக்கே?"

"அதெல்லாம் வேற ஆளுங்களுக்கு. அவளக் குடுங்க இங்க."

போகிறவர் வருகிறவர் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்க ஒரு பவர் பேங்க் வைத்திருக்கிறேன். அதில் அவளைச் செருகி, பிளாஸ்குகளுக்கு நடுவே படுக்க வைத்தேன். அவர் சட்டைப் பையின் சூடு இன்னும் அவள்மேல் இருந்தது. சிவப்பாக ஒரு கண்ணைத் திறந்தாள்.

"எவ்ளோ நேரமாகும்?"

"இருபது நிமிஷமாச்சும் ஆகும்."

காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காலையில் விவாகரத்துக் கையெழுத்துக்கு வந்த ஒரு ஜோடி, எல்லாவற்றையும் அமைதியாகப் பிரித்துக்கொண்டு, கடைசியில் நாய் யாருக்கு என்று கட்டிப்புரண்ட கதையைத் தொடங்கினார். தூறல் வலுத்தது. வண்டிமேல் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துவிட்டேன். அந்தச் சாக்கில் கையை உள்ளே விட்டு வயரைக் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக இழுத்தேன்.

விரிப்புக்கு அடியில் சிவப்புக் கண் ஒரு முறை சிமிட்டி அணைந்தது.

"அப்புறம்?" என்றேன். "நாய் யார் பின்னாடி போச்சு?"