வட்டையன்ஸ்

பெயரைக் கேட்டதும் நல்லரத்தினத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்காரனின் மகள் மட்டக்களப்பு நகரத்துக் கழகம் ஒன்றின் பெண்கள் கிரிக்கெட் அணிக்குப் பந்து வீசுகிறாள் என்பதே பெரிய காரியம். அந்த அணிக்கு இப்போது "வட்டையன்ஸ்" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களாம்.

"வட்டையெண்டா நம்மட வட்டைதானே புள்ள?" என்று தொலைபேசியில் இரண்டு தரம் கேட்டார்.

"ஓமப்பா," என்றாள் கம்சாயினி. "சும்மா ஒரு பேர்தான்."

சும்மா ஒரு பேரா! வட்டை என்றால் வயல்வெளி. அதில் உழுது விதைத்து, யானைக்குக் காவலிருந்து, வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்து வயிறு வளர்க்கிறவர்களைப் பட்டணம் எப்போது ஒரு பொருட்டாக எடுத்தது? இப்போதாவது வாவிக்கு இந்தப் பக்கம் கண் பட்டதே என்று பூரித்துப்போனார். கண்டவர் நின்றவர் எல்லாரிடமும் சொன்னார். பட்டணத்தில் "வட்டையான்" என்றால் ஒன்றும் தெரியாத காட்டான் என்று பொருள். அது மட்டும், பாவம், மனிதருக்குத் தெரியாது.

இறுதி ஆட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னபோது, "வெயிலப்பா, என்னத்துக்கு?" என்று அவள் இழுத்தாள். அது அவருக்குக் கரிசனையாகத்தான் பட்டது. மகள் ஆடுவதை முதல் தடவையாகப் பார்க்கப்போகிறார். அதைவிட, ஆட்டம் முடிந்ததும் அவள் தன் கூட்டாளிகளைக் கூப்பிட்டு, இதுதான் என்னுடைய அப்பா என்று காட்டுவாள். அந்த ஒரு வசனத்துக்காகவே வெள்ளைச் சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் மண்முனைப் பாலம் கடந்து போனார்.

மைதானத்தில் நல்ல சனம். எல்லைக் கயிற்றோரம், குடை பிடித்திருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். தூரத்தில் கம்சாயினி கையைச் சுழற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். அவர் கை காட்டினார். அவள் காணவில்லை.

"இதோ வாறார் எங்கட வட்டையான்!" என்று ஒலிபெருக்கி அலறியது.

அணியின் பந்தலுக்குள்ளிருந்து, சனத்தைச் சிரிக்கவைக்க வேஷம் கட்டிய ஓர் உருவம் வந்தது. கடகத்தளவு பஞ்சுத் தலை, வெற்றிலைக் காவி படிந்த பல், முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாறன், தோளில் உரச்சாக்கு, கன்னங்கரேலென்று மை பூசிய கை கால். தடக்கி விழுந்து எழும்பி எல்லாரையும் கும்பிட்டது. சனம் விசிலடித்தது. நல்லரத்தினத்தின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும், பகிடிதானே, பட்டணத்துப் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

பிறகு அந்த உருவம் கயிற்றண்டை வந்து நின்றது. கோயிலைப் பார்ப்பதுபோல மைதானத்தைப் பார்த்தது. செருப்பைக் கழற்றிச் சோடி சேர்த்துப் பக்குவமாக வைத்துவிட்டு உள்ளே போனது. இரண்டு பெண்கள் ஓடிவந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது திரும்பி வந்து, சாக்கை உதறித் தேடி, சுடுகிற மண்ணில் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளியது.

"ஐயோ, என்ட செருப்பு! கோயில்லகூடக் களவு போகல்லயே!"

குடைக்காரப் பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. அது நல்லரத்தினத்தின் சொல். அச்சொட்டாக அவருடைய சொல்.

மூன்று வருடத்துக்கு முன், கம்சாயினிக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்த கிழமை, அவளுக்கு உடுப்பெடுக்க நகரத்துத் துணிக்கடை ஒன்றுக்குப் போயிருந்தார்கள். கண்ணாடிக் கதவு, முகம் தெரியும் தரை. மிதிக்க மனம் வராமல் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தார். வெளியே வந்தால் காணவில்லை. அப்போது சொன்ன சொல் அது. தார் றோட்டில் வெறுங்காலோடு பஸ் நிலையம்வரை நடந்தார். அவளும் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அழுதபடி, கூடவே வெறுங்காலோடு நடந்தாள். "அம்மாக்கும் சொல்லப்படாது," என்றார் அவர். "ஆருக்கும் சொல்லமாட்டனப்பா," என்று அவர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

அதைத்தான் கொண்டுபோய் விற்றிருக்கிறாள். எதற்கு? நாலு பேர் சிரிக்க. அந்த நாலு பேரோடு தானும் ஒருத்தியாய் இருக்க. வேறு யார் கேலி செய்திருந்தாலும் மனிதர் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். பெற்ற பிள்ளை காட்டிக்கொடுத்தால் எங்கே போய் முறையிடுவது? எழும்பிப் போகவும் கால் வரவில்லை.

கம்சாயினி நாலு விக்கட் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் வட்டையான் செருப்பைத் தேடித் துள்ளினான். நல்லரத்தினம் ஒன்றுக்கும் கை தட்டவில்லை.

வென்று முடிந்து சனம் கலையும்போதுதான் அவள் அவரைக் கண்டாள். முகம் வெளிறி ஓடிவந்தாள்.

"எப்பப்பா வந்தீங்க?"

"முதல்லயே வந்திட்டன்."

"அது... சும்மா பகிடிக்கு ஒருநாள் சொல்லிப்போட்டன். ஆரெண்டு சொல்லல்ல. சத்தியமா ஆருக்கும் தெரியாதப்பா."

"எனக்குத் தெரியுமே புள்ள," என்றார்.

அதற்குள் அணித்தலைவி தனுஷா வெற்றிக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். பின்னால், பஞ்சுத் தலையைக் கக்கத்தில் இடுக்கியபடி அந்த வேஷக்காரன். தனுஷா மரியாதையாகச் சிரித்தாள்.

"ஆர் கம்சா இது?"

கம்சாயினி அப்பாவைப் பார்த்தாள். பஞ்சுத் தலையைப் பார்த்தாள். அப்பா என்று சொன்னால், அந்தச் செருப்புக்காரனின் மகளே அவள்தான் என்று யாருக்காவது பொறிதட்டிவிடலாம். நல்லரத்தினம் காத்திருந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அந்த வெட்கங்கெட்ட மனம் அந்த ஒரு வசனத்துக்காகக் காத்திருந்தது.

"எங்கட ஊர் மாமா ஒராள்," என்றாள்.

அவர் வெள்ளைச் சேர்ட்டின் மடிப்பைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"ஓம், நான் இவட ஊர்தான்," என்றார் தனுஷாவிடம். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "அப்ப நான் வாறன் தங்கச்சி, பஸ்ஸுக்கு நேரமாகிட்டு. உங்கட அப்பாக்கு என்னவும் சொல்லணுமா?"

தனுஷாதான் பதில் சொன்னாள்.

"இவட அப்பாவ நாங்க ஒருநாளும் கண்டதில்ல மாமா. அடுத்த மெச்சுக்குக் கட்டாயம் வரச் சொல்லுங்க."

"சொல்லுறன்," என்றார் நல்லரத்தினம்.