ஜெர்மேனியக் கட்டியும் மச்சானின் வீடியோவும்

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் ஒரு சின்னத் தொழிற்சாலை. அதில் ஜெர்மேனியம் என்ற குறைக்கடத்திப் பொருளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு ரூபேந்திரன் பொறுப்பாளன். நல்ல வேலைதான். சொன்னால் யாருக்கும் புரியாது என்பதுதான் குறை. முன்பு எல்லை தாண்டி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலத்தில் "சிங்கப்பூர்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். தெப்ராவுக்கு மாறியதும் அந்த வசதி போய்விட்டது.

மனைவியின் அண்ணன் காளிதாஸ் பக்கத்து ஊரான உலு திராமில் கார் கழுவும் கடை வைத்திருப்பவர். எந்த விசேஷத்திலும் நாலு பேர் கூடியதும் ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ள, நெசமா நீங்க என்னதான் வேலை செய்றீங்க?"

ரூபேந்திரன் விளக்கத் தொடங்குவான். பாதியில் யாராவது பிரியாணி வந்துவிட்டது என்பார்கள்.

ஆகவே தொழிற்சாலையில் குடும்ப தினம் வைத்தபோது, மச்சானை வற்புறுத்தி அழைத்துப்போனான். அன்று விடுமுறை. பாதி வேலை முடிந்த கட்டி ஒன்று, ஆறிய உலைக்குழாய்க்குள் காத்திருந்தது.

"இந்தக் கட்டிய மொத்தமா உருக்கமாட்டோம் மச்சான். இந்தச் சூடேத்துற சுருள் ஒரு முனையில கொஞ்சூண்டு எடத்த மட்டும் உருக்கும். அப்புறம் மெதுவா நகரும், உருகுன எடமும் கூடவே நகரும். பின்னால உறைஞ்சுகிட்டே வர்றது சுத்தமாயிடும். அழுக்கெல்லாம் உருகுன பக்கமே தங்கி, அப்படியே கடைசி முனைக்குப் போயிரும். பல தடவ இப்படி ஓட்டிட்டு, அந்த முனைய வெட்டித் தூக்கிப் போட்ருவோம்."

காளிதாஸ் யோசித்தார். "கார் கண்ணாடியில ரப்பர வச்சுத் தண்ணிய ஒரே பக்கமா தள்றோமே, அந்த மாதிரி?"

"கிட்டத்தட்ட."

"அலமாக்! இதுக்கா யூனிவர்சிட்டி போனீங்க?"

அந்த இடத்தில் சிரித்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். விருந்தினர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியேதான் நிற்கவேண்டும் என்ற விதியை எழுதியவனே ரூபேந்திரன்தான். அவனே கையுறை மாட்டினான், குழாயைத் திறந்தான், கட்டி கிடந்த நீளக் கரித்தட்டை, அவர்கள் பாஷையில் படகை, வெளியே எடுத்தான். ஒரு முழ நீளத்துக்கு வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருந்தது. காளிதாஸ் வாயைப் பிளந்தார். ரூபேந்திரனுக்குப் பிறவிப்பயன் கிடைத்தாற்போல் இருந்தது.

"இருங்க மாப்ள, வீடியோ எடுக்கறேன். வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க லா."

திரும்பினான். ஜெர்மேனியத்தின் பெருமைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றினான். பிறகு படகை உள்ளே வைத்து மூடினான்.

மறுவாரம் மீதி ஓட்டங்களும் முடிந்தன. பரிசோதனைக்கூடத்தில் அளந்து பார்த்த லோஷினி முகம் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, சுருள் மொதல்ல தொடுற தலைப்பக்கம்தான் ரொம்ப சுத்தமா இருக்கணும். இதுல அங்கேர்ந்து நடு வரைக்கும் அழுக்கு. சாமான் வந்தப்ப இருந்ததவிட மோசம்."

ரூபேந்திரன் உடனே காரணம் தேடினான். தன்னைத் தவிர எல்லாப் பக்கமும் தேடினான். முதலில், உலைக்குழாய்க்குள் காற்றுக்குப் பதிலாக நிரப்பும் ஆர்கன் வாயுவைக் கொண்டுவந்து தரும் ஹாரூனைக் கூப்பிட்டு, "என்ன கேஸ் குடுக்கறீங்க? காத்தப் புடிச்சு அடைக்கிறீங்களா?" என்று கத்தினான். அடுத்து நல்ல நிலையில் இருந்த உலைக்குழாயை மாற்றச்சொன்னான். அதற்கும் பிறகு மழைக்கால ஈரப்பதத்தின் மேல் சந்தேகம் வந்தது. இந்த மூன்றும் கூடினால் அழுக்கு எதிர்த்திசையில் நகரக்கூடும் என்று, வண்ண வண்ண வரைபடங்களோடு மேலாளருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். உலகத்தில் இதுவரை யாரும் இதைக் கவனித்ததில்லை என்பதை அதில் அடக்கமாகக் குறிப்பிட்டிருந்தான். ஏதாவது மாநாட்டில் இதைப் பேசக் கூப்பிட்டால் எந்தச் சட்டை போடுவது என்றுகூட நினைத்துப் பார்த்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காளிதாஸ் மகளுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டி முடிந்ததும் காளிதாஸ் டிவியை இயக்கினார்.

"எல்லாரும் பாருங்க, எங்க மாப்ள வேலைய!"

திரையில் ரூபேந்திரன் படகை ஏந்தி நின்றான். வெளிச்சத்துக்காக ஒருமுறை திரும்பினான். பேச்சு மும்முரத்தில் படகைக் கைமாற்றினான். அப்படியே இன்னொரு பக்கமாக வந்து, குழாய்க்குள் நுழைத்தான். கடைசியாகப் போகவேண்டிய முனை, முதலில் போனது.

வாயருகே கொண்டுபோன மீகோரேங் நூடுல்ஸை ரூபேந்திரன் தட்டிலேயே வைத்தான். அழுக்கு எதிர்த்திசையில் நகரவில்லை. ஓரமாக ஒதுங்கியிருந்த அழுக்கை, சுத்தமான பகுதி முழுக்கத் தேய்த்துவிட்டவன் அவனே. உறவினர்கள் கைதட்டினார்கள்.

"இன்னொரு தடவ போடவா?" என்றார் காளிதாஸ்.

"வேணாம் மச்சான். பாத்தது போதும்."

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஹாரூனின் முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. திங்கட்கிழமை காலை மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவர் அவன் அனுப்பியிருந்ததைத் திரையில் திறந்தார். மின்னஞ்சலை அழிக்கவேண்டாம், வரைபடங்கள் அழகாக இருக்கின்றன என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஹாரூனை எதிரே இருந்த கடைக்குக் கூப்பிட்டு, நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே டீ வாங்கிக் கொடுத்தான்.

"உங்க கேஸ்ல ஒண்ணும் இல்ல பாய். நான்தான் கட்டியத் தலைகீழா வச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

ஹாரூன் கோப்பையைக் கீழே வைத்தார். "அண்ணே, நான் ஸ்டோர்ல இருந்த சிலிண்டர் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டேன். பொண்டாட்டி கேக்கறா, ஏன் தூக்கத்துல ஆர்கன் ஆர்கன்னு பொலம்புறீங்கன்னு." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரூபேந்திரனுக்கும் வந்தது, கொஞ்சம் தாமதமாக.

கட்டியை மறுபடி முதலிலிருந்து, ஒரே திசையில், பொறுமையாக ஓட்டினார்கள். லோஷினி அளந்து பார்த்துத் தலையசைத்தாள். ஒவ்வொரு படகிலும் ஓர் அம்புக்குறி செதுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. உலைக்கூடத்து மலாய்க்காரப் பையன்கள் அதற்கு 'பானா ரூபன்', அதாவது ரூபனின் அம்பு, என்று பெயர் வைத்தார்கள். யாரோ அதை வேலைமுறைக் கையேட்டிலேயே ஏற்றிவிட்டார்கள்.

ஆறேழு மாதம் கழித்து, வாடிக்கையாளர் சார்பில் தணிக்கைக்காகப் பினாங்கிலிருந்து தனலெட்சுமி என்ற அம்மாள் வந்திருந்தார். கையேட்டைப் படித்துக்கொண்டே வந்தவர் நின்றார்.

"இந்த ரூபன் யாரு? ஜெர்மன் சயிண்டிஸ்டா? நான் எந்த புக்குலயும் பாத்ததில்லயே."

லோஷினி பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். ரூபேந்திரன் தொண்டையைச் செருமினான். ஜெர்மன்காரர்தான் என்று சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது.

"நான்தாங்க அது," என்றான். "உக்காருங்க, சொல்றேன். கொஞ்சம் நீளக் கதை."