எழுநூறு டி

சின்னவளுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. கடையில் எடை போட்டு வாங்கிய தக்காளியை வீட்டில் இன்னொரு முறை எடை போடுவாள். பல் வைத்தியர் ஒரு பல்லைத் தட்டிப் பார்த்தால், பக்கத்துப் பல்லை ஏன் விட்டீர்கள் என்று கேட்பாள். அப்பேர்ப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு சாமான் வாங்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய அக்கா புருஷன் வைத்திருந்த கணினிக் கடை.

அவளும் அவள் கூட்டாளியும் இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி கணினியில் படமாக்கிக் காட்டும் தொழில் செய்தார்கள். கூட்டாளிக்கு நிதானம் என்று பட்டப்பெயர். தீப்பிடித்தால்கூடத் தண்ணீரை வடிகட்டித்தான் ஊற்றுவான். கண்ணாடியில் வெயில் விழுவதையும் படிக்கட்டில் நிழல் மடிவதையும் கணக்குப் போட்டு வரைவது கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் வேலை. பழைய கார்டுகளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், இருவரும் ஒரே மாதிரிக் கார்டாக வாங்குவதென்று முடிவு செய்தார்கள். அதற்குப் பெயர் எழுநூறு. நிதானம் வெளியில் வாங்கினான். சின்னவள் அக்கா மூலம் அத்தானுக்குச் சொல்லியனுப்பினாள். அவள் வெளியே போயிருந்த நேரத்தில் அத்தானே வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

சோதித்துப் பார்க்க ஒரு மாடி வீட்டை இரண்டு கணினியிலும் ஒரே சமயத்தில் ஓடவிட்டார்கள்.

"என்ன, உன்னுது இன்னும் படியே ஏறலையா? என்னுது மொட்டை மாடிக்குப் போயிடுச்சு" என்றான் நிதானம்.

நிதானமே ஒருவரை மெதுவென்று சொன்னால் அது எவ்வளவு பெரிய அவமானம்! அவள் கணினி பாதிப் படியில் நின்றது. நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே அணைந்தும் போனது.

"ஆனா ஒண்ணு, உன்னுது சத்தமே போடலை. சூடும் இல்லை" என்றான் அவன், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

சத்தம் போடாததே அவளுக்குத் திருட்டுத்தனமாகப் பட்டது. கணினியை மறுபடி போட்டு, உள்ளே இருக்கும் கார்டின் விவரத்தைத் திறந்தாள். எழுநூறு என்ற எண்ணுக்குப் பின்னால் வாலாட்டிக்கொண்டு ஓர் ஆங்கில எழுத்து நின்றது. டி.

இரண்டு கார்டுகளின் விவரங்களையும் அருகருகே வைத்துப் படித்தாள். வெறும் எழுநூறுக்கு நினைவகம் பன்னிரண்டு ஜிபி, டி-க்கு எட்டு. கணக்குப் போடும் கோர்களில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. கரன்ட் மட்டும் பாதிதான் குடிக்கும். சின்னக் கணினிப் பெட்டிகளில் சூடாகாமல் ஓடுவதற்காகச் செய்த ரகமாம். ஒரே அட்டை, ஒரே விசிறி, ஒரே நிறம். மூடி திறந்து பார்த்தால்கூட வித்தியாசம் தெரியாது. ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இதைவிடத் தோதான சரக்கு கிடைக்குமா?

அத்தானுக்குப் போன் போட்டாள்.

"நீ கேட்டதைத்தாம்மா மாட்டியிருக்கேன்."

"அட்டைப்பெட்டி எங்க அத்தான்?"

"இங்கதான் இருக்கு. உனக்கெதுக்கு அது? ஆள் நிக்குது, அப்புறம் பேசுறேன்."

மடியில் கனமில்லாதவன் எதற்குப் பெட்டியைப் பதுக்க வேண்டும்? வேண்டுமென்றே அவள் இல்லாத நேரம் பார்த்து எதற்கு வர வேண்டும்? போன வருஷம் அவர் கொடுத்த கீபோர்டில் ஒரு தலைமுடி இருந்தது ஞாபகம் வந்தது. அப்போது அது தன் முடி என்று நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால் அது கொஞ்சம் நரைமுடி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவளுக்கோ நரைத்ததெல்லாம் சாட்சி.

கேட்காமல் விட்டால் நெஞ்சு ஆறாது. கேட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அப்பா அம்மா போன பிறகு அவளுக்குத் தாய்வீடு என்று இருப்பது அக்கா வீடுதான். சொல்லாமல் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை வேறு எந்த வீட்டிலும் கிடையாது. அந்தக் கதவு சாத்திக்கொண்டால் தட்டுவதற்கு இன்னொரு கதவு இல்லை. இதையெல்லாம் நன்றாக நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். போகிற வழியில் கோபம் வளர்ந்ததே தவிர, புத்தி வளரவில்லை.

கடை, வீட்டின் முன்னறை. பின்னால் சமையலறையில் அக்காவின் மிக்ஸி அலறிக்கொண்டிருந்தது. அத்தான் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ஒரு லேப்டாப்பைப் பிரித்து வைத்திருந்தார். எதிரே அதன் சொந்தக்காரர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா சின்னவளே. சாப்பிட்டியா?"

"சொந்தக்காரிதானே, எங்க தட்டிக் கேக்கப் போறான்னு நினைச்சுட்டீங்க, இல்ல?"

அத்தான் நிமிர்ந்தார். "என்னம்மா சொல்ற?"

"எனக்கே இப்படின்னா, ஊர்ல எத்தனை பேர் பெட்டிக்குள்ள என்னென்ன மாத்தி வச்சிருக்கீங்களோ!"

வாத்தியார் இவளையும் பார்த்தார், பிரித்துக் கிடந்த லேப்டாப்பையும் பார்த்தார். "மூடிக் குடுத்துடுங்க தம்பி. நான் இன்னொரு நாள் வரேன்" என்றார். அத்தான் ஒவ்வொரு திருகாணியாக மாட்டிக் கொடுத்தார். வாத்தியார் அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

"இப்ப சொல்லு. என்ன மாத்தினேன்?"

"நான் கேட்டது எழுநூறு. நீங்க வச்சது எழுநூறு டி!" என்று மிக்ஸிக்கு மேலே கத்தினாள்.

மிக்ஸி நின்றது. "டீயா?" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "இதோ, போட்டுக்கிட்டேதான் இருக்கேன்!"

அத்தானின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது.

அக்கா தட்டோடு வெளியே வந்தாள். அத்தான் அவளையே பார்த்தார். "அன்னைக்கு இவ எழுநூறு கேக்குறான்னு வந்து சொன்னியே. எழுநூறா, எழுநூறு டியான்னு நான் கேட்டேன். நீ என்ன சொன்ன?"

"நீங்க எங்க அதைக் கேட்டீங்க? டீயான்னுதானே கேட்டீங்க? ஆமா, டீதான்னு சொன்னேன். கையோட போட்டும் குடுத்தேனே!"

"வந்துச்சு. குடிச்சேன்" என்றார் அத்தான் மெதுவாக. "சின்னப் பெட்டி, ரொம்பச் சூடாகுதுன்னு இவதான் புலம்பிக்கிட்டே இருந்தா. அதுக்குத்தான் டி கேக்குறான்னு நினைச்சேன்."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். வெட்கம் ஒரு பக்கம், அப்பாடா என்றிருந்தது ஒரு பக்கம். கதவு சாத்தவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தாள்.

அத்தான் சிரிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு பெட்டிகள் எடுத்து வந்தார். ஒன்று, அவளுக்கு மாட்டிய கார்டின் காலிப்பெட்டி. வாரன்ட்டிக்காக அவள் பெயர் எழுதிப் பத்திரமாக வைத்திருந்தார். இன்னொன்று, உறை பிரிக்காத வெறும் எழுநூறு. அதை அவள் பக்கம் திருப்பி, ஒட்டியிருந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"நல்லா படிச்சுப் பாருங்க. அப்புறம் பிரிக்கலாம்."

யாரிடம் சொல்கிறார் என்று சின்னவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை.

"அத்தான்…"

"டீ ஆறுது" என்றார் அவர், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "குடிங்க."