நாற்பது நாற்காலி, ஒரு மைக்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கழிப்பறையில் கிடைத்தது. முகம் சுளிக்காதீர்கள், அங்கே போகாமல் கதையை முடிக்க முடியாது.

முதல் வரைவு: "ஆண்கள் மட்டுமே வேலை செய்யும் கிடங்கில் ஒரே ஒரு வீரப் பெண்..." [அடித்துவிட்டேன். வீரமாவது மண்ணாவது!]

இரண்டாவது: மைக் அக்காவின் குரலை அறியாத லாரிக்காரர் அந்தச் சரக்குக் கிடங்கில் கிடையாது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க வண்டி எண்களைக் கூப்பிடுவாள். குரல்தான் எல்லோருக்கும் பழக்கம். மதியம் அவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள்.

2

மாதவிடாய் நல விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சாப்பாட்டுக்கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டார்கள்.

"லேடீஸ் சமாச்சாரம்ப்பா, எல்லாரும் வெளிய போங்க," என்றார் மேனேஜர். போனார்கள். மிச்சம் மைக் அக்கா ஒருத்தி. கூட்டத்துக்கு அவளுடைய மைக்கையே எடுத்து வந்திருந்தார்கள். அதிலிருந்த வெளி ஒலிபெருக்கிக்கான பொத்தானை மேனேஜர் மறக்காமல் அணைத்துவிட்டுப் போனார்.

பேச வந்த அம்மாள், "அன்பான சகோதரிகளே!" என்று தொடங்கினாள். [சத்தியமாக இது நடந்தது.] "நாலு மணி நேரத்துக்கு ஒருதடவ நாப்கின் மாத்தணும். இதுல வெக்கப்பட ஒன்னுமே இல்ல." ஒரு இலவசப் பாக்கெட்டும் கொடுத்தாள். "ஏதாவது சந்தேகம் இருக்காம்மா?"

இருந்தது. மாற்றியதை எங்கே போடுவது? பெண்கள் கழிப்பறையில் குப்பைக்கூடை இல்லை. காகிதத்தில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து, பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பயந்தே காலையில் வைத்ததோடு மாலைவரை இருந்துவிடுவாள். தொடையெல்லாம் புண்.

"ஒன்னும் இல்ல மேடம்."

அம்மாள் படிவத்தில் 'கேள்விகள் இல்லை' என்று எழுதினாள்.

3

(இதை அடிக்குறிப்பில் ஒளிக்கப் பார்த்தேன்.) அந்த அம்மாள் நான்தான்.

கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போனேன். எனக்கு அன்று இரண்டாம் நாள். கூடையைத் தேடினேன், இல்லை. 'வெட்கம் வேண்டாம்' என்று அச்சடித்த என் துண்டறிக்கையிலேயே சுற்றிக் கைப்பையில் திணித்துக்கொண்டு கண்ணாடி அறையைக் கடந்தேன். மைக் அக்கா என் பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. பஸ்ஸில் பை மடியில் கனத்தது. எனக்கு அழுகை வந்தது.

ஆக, அவள் பையையும் புண்ணையும் பற்றி எழுதியதெல்லாம் என் ஊகம். ஆனால் அவள் வேறு என்னதான் செய்திருப்பாள்?

4

முடிவு ஒன்று: மறுநாளே கூடை வந்துவிடுகிறது. [எனக்கே நம்பிக்கையில்லை.]

இரண்டு: அவள் வேலையை உதறிவிட்டு... [வேண்டாம். அவளுக்குச் சம்பளம் வேண்டும்.]

மூன்று: மறுபடியும் அதே கூடம். "ஏதாவது சந்தேகம் இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு, இந்த முறை மைக்கை அவள் கையில் கொடுக்கிறேன். எந்தப் பொத்தான் எதற்கென்று அவளுக்குத் தெரியாததா? மேனேஜர் அணைத்த பொத்தானைப் போட்டுவிடுகிறாள். வெளியே ஒலிபெருக்கி கரகரக்கிறது.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. இது வண்டி நம்பர் இல்ல."

அந்த ஒலிபெருக்கிக்குக் கீழே, நாற்பது பேரோடு, உங்களையும் நிறுத்தியிருக்கிறேன். கூடத்து ஜன்னல் வழியே அவள் பார்க்கிறாள், யாராவது நகர்கிறார்களா என்று. அடுத்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. நீங்கள் நின்றால் அவள் சொல்வாள்.